டோஃபு சாப்பிடலாமா? சோயாவைச் சுற்றிய புகழும் பயமும்

சோயாவைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சிகள் உடனே கிளம்பிவிடும். ஒரு கட்சிக்கு அது இதயத்தைக் காக்கும், எலும்பை உறுதியாக்கும், புற்றுநோயை அண்டவிடாத அற்புதப் பயறு. இன்னொரு கட்சிக்கு அது ஆண்மையைக் குறைக்கும், தைராய்டைக் கெடுக்கும், மார்பகத்தில் கட்டியைக் கொண்டுவரும் விஷம். ஜிம்முக்குப் போகும் தம்பியிடம் "பனீருக்குப் பதிலா டோஃபு சாப்பிடேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ, அதுல ஈஸ்ட்ரோஜன் இருக்காமே" என்று பின்வாங்குவான்.

இரண்டு தரப்புமே வெறும் வதந்தியை வைத்துப் பேசவில்லை. இரண்டுக்கும் பின்னால் நிஜமான ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றில் சோதிக்கப்பட்டது தட்டில் வைக்கும் டோஃபு அல்ல. பிரித்தெடுத்த புரதப் பொடி, செறிவூட்டிய மாத்திரை, ஆய்வகத்து எலிக்குக் கொடுத்த தனி வேதிப்பொருள் இவைதான். அவற்றில் கிடைத்த முடிவை, நல்லதோ கெட்டதோ, அப்படியே டோஃபுவின் தலையில் கட்டிவிட்டார்கள். சோயா விவகாரத்தில் இத்தனை குழப்பம் வந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில், டோஃபு என்பது என்ன?

சோயாவை இரவு முழுக்க ஊறவைத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டினால் கிடைப்பது சோயா பால். சூடு இருக்கும்போதே அதில் ஓர் உப்பைச் சேர்த்தால் திரிந்துவிடும். திரிந்ததை அச்சில் கொட்டி, மேலே எடை வைத்து அழுத்தி நீரை வெளியேற்றினால் டோஃபு. பனீர் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சீனாவின் ஹான் வம்ச இளவரசர் லியூ ஆன் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டுபிடித்தார் என்பது அந்த ஊர்க் கதை. எழுத்தில் டோஃபு தென்படுவது கி.பி. 10-ஆம் நூற்றாண்டில்தான்.

நம்மூரில் இது இன்னும் சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டிச் சரக்குதான், 'சோயா பனீர்' என்ற பெயரிலும் விற்கிறது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அப்படியில்லை. மாமாக் கடை மீ கோரெங் நூடுல்ஸில் பொரித்த தௌஹூ, அதாவது டோஃபுத் துண்டுகள் கிடப்பது அங்கே சாதாரணம். தமிழ்நாட்டுக்குச் சோயா வந்து சேர்ந்தது வேறு வழியில்: மீல் மேக்கராக. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளையும் சோயாவிலிருந்து எண்ணெயை எடுத்தபின் மிஞ்சும் மாவை, அழுத்தமும் சூடும் கொடுத்து இயந்திரத்தில் பிதுக்கி எடுத்தால் அந்தப் பஞ்சு உருண்டை. இலங்கையில் சோயா மீற் என்று பாக்கெட்டில் விற்பதும் இந்த இனம்தான். டோஃபுவும் மீல் மேக்கரும் ஒரே பயறிலிருந்து வந்தாலும் உடலுக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இடையில் ஒரு தகவல். 1935-லேயே காந்தி வார்தாவின் மகன்வாடியில் சோயாவைச் சமைக்கச் சொல்லிப் பார்த்து, அந்த அனுபவத்தை 'ஹரிஜன்' இதழில் எழுதினார். ஏழைகளுக்கு மலிவான புரதம் என்பது அவருடைய அக்கறை. பிறகு இந்தியாவில் சோயா விளைச்சல் பெருகியது என்னவோ எண்ணெய்க்காகவும் கோழித் தீவனப் புண்ணாக்குக்காகவும்தான்.

புரதக் கணக்கு

டோஃபுவில் எவ்வளவு புரதம் என்று கேட்டால், எவ்வளவு தண்ணீர் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். பட்டுப்போல் மென்மையான வகையில் 100 கிராமுக்கு 5 முதல் 7 கிராம். நன்றாக அழுத்திய கெட்டி வகையில் 12 முதல் 17 கிராம் வரை. கெட்டி டோஃபு 100 கிராம் சாப்பிட்டால் இரண்டு முட்டைப் புரதம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

அளவைவிடத் தரம் முக்கியம். உடலால் தயாரிக்க முடியாத 9 அமினோ அமிலங்களும் சோயாவில் இருக்கின்றன. அவற்றின் விகிதமும் செரிமானமும் பால் புரதத்துக்கு நெருக்கமாக வருகின்றன. அரிசியில் லைசின் குறைவு, சோயாவில் நிறைய. சோயாவில் மெத்தியோனின் சற்றுக் குறைவு, அரிசியில் அந்தக் குறை இல்லை. சோறும் பருப்பும் சேர்வதன் நியாயம் இங்கேயும் அப்படியே பொருந்தும். மூன்று வேளையும் அரிசியைச் சுற்றியே சாப்பிடும் சைவ வீட்டில், கூட்டிலோ குழம்பிலோ டோஃபு சேர்வது உருப்படியான மாற்றம்.

கொழுப்பு விஷயத்தில் பனீரோடு ஒப்பிட்டால் டோஃபுவுக்குச் சாதகம் அதிகம். பனீரில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. கெட்டி டோஃபுவில் 8, 9 கிராம்தான். அதில் நிறைவுற்றது ஏழில் ஒரு பங்கு அளவுக்கே. ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் கொஞ்சம் உண்டு. மீன் சாப்பிடாதவர்களுக்கு அது கூடுதல் லாபம்.

கால்சியம் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டோஃபுவில் கால்சியம் நிறைய என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது பயறிலிருந்து வருவதைவிட, பாலைத் திரிய வைக்கச் சேர்க்கும் உப்பிலிருந்து வருவதுதான் அதிகம். கால்சியம் சல்ஃபேட், அதாவது ஜிப்சம் போட்டுச் செய்திருந்தால் 100 கிராமில் சில நூறு மில்லிகிராம் கால்சியம் இருக்கும்; பாலில் உள்ளதைப் போலவே உடலும் அதை ஏற்றுக்கொள்கிறது. ஜப்பானில் நிகாரி எனப்படும் மக்னீசியம் குளோரைடு போட்டதென்றால் கால்சியம் அதில் பாதிகூட இருக்காது. வீட்டில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுத் திரித்ததில் இன்னும் குறைவு. ஆகவே எலும்புக்காக வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்புறம் இருக்கும் பொருள் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வைட்டமின் பி12-ஐப் பொறுத்தவரை டோஃபுவை நம்ப வேண்டாம்; தனியாகச் சேர்த்திருந்தால் தவிர அது இருக்காது.

இதயக் கதை: ஏறி இறங்கிய புகழ்

சோயாவுக்கு 'இதயத்தின் தோழன்' என்ற பட்டம் எப்படி வந்தது, எப்படிச் சுருங்கியது என்பது கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டிய கதை.

1995-ல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், அதுவரை நடந்த பல சோதனைகளைத் தொகுத்து ஒரு கணக்கு வெளியானது. விலங்குப் புரதத்துக்குப் பதிலாகச் சோயா புரதம் கொடுத்தபோது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். சராசரியாக 12.9 சதவீதம் இறங்கியது என்றது அது. மாத்திரை இல்லாமல் இவ்வளவு இறக்கம் என்றால் யார்தான் விடுவார்கள்? 1999-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், நிறைவுற்ற கொழுப்பு குறைந்த உணவோடு தினம் 25 கிராம் சோயா புரதம் எடுத்துக்கொண்டால் இதயநோய் அபாயம் குறையலாம் என்று பாக்கெட்டில் அச்சிட அனுமதி கொடுத்தது. சோயா நிறுவனங்களுக்குக் கொண்டாட்டம். பிஸ்கட் முதல் நூடுல்ஸ் வரை எல்லாவற்றிலும் சோயா புரதம் ஏறியது.

பிறகு இன்னும் கவனமாக நடத்திய சோதனைகள் வர வர எண் சுருங்கிக்கொண்டே போனது. 2006-ல் அமெரிக்க இதயச் சங்கம் எல்லாவற்றையும் மறுபடி எடைபோட்டு, இறக்கம் சுமார் 3 சதவீதம்தான் என்றது. 2017 அக்டோபரில், 1999-ல் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று உணவு, மருந்து நிர்வாகமே முன்மொழிந்தது. அதற்குப் பிறகு 2019-ல் வந்த தொகுப்புக் கணக்கும் 3 முதல் 4 சதவீதம் என்ற இடத்தில்தான் நின்றது.

இந்த 3, 4 சதவீதத்துக்கு நடைமுறையில் என்ன பொருள்? ஒருவருக்கு எல்.டி.எல். 150 இருந்தால் 145 ஆகும். ஒன்றுமே இல்லை என்று தள்ள முடியாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் முடியாது. அந்த 25 கிராம் புரதத்துக்கு தினமும் 150 முதல் 200 கிராம் வரை கெட்டி டோஃபு சாப்பிட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் சாப்பிடுவார்கள்?

ஆனால் சோயாவின் நேரடி வேலையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்குதான் என்பேன். ஆட்டுக்கறிக்கும் பனீருக்கும் பதிலாக டோஃபு தட்டில் ஏறும்போது, அந்த வேளையின் நிறைவுற்ற கொழுப்பு வெளியே போகிறது. அந்த லாபம் மேற்சொன்ன சதவீதத்துக்குள் முழுதாக அடங்காது. டொராண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-ல் ஒன்று செய்துகாட்டியது. சோயா புரதம், ஓட்ஸ், பார்லி போன்றவற்றின் பிசுபிசுப்பான நார்ச்சத்து, பாதாம், தாவர ஸ்டெரால் ஆகிய நான்கையும் ஒரே உணவுமுறையில் சேர்த்தார்கள். ஒரு மாதத்தில் எல்.டி.எல். 28 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அதே ஆய்வில் கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஏறத்தாழ 31. ஒவ்வொன்றும் தனியாகச் சின்ன வேலைதான் செய்கிறது, சேர்ந்தால் பெரிய வேலை.

2020-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மருத்துவத் துறையினரின் பல்லாண்டு உணவுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வாரம் ஒரு முறைக்கு மேல் டோஃபு சாப்பிட்டவர்களிடம், எப்போதோ சாப்பிடுகிறவர்களைவிட இதயநோய் அபாயம் 18 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. இது கூடவே வரும் தொடர்புதான், காரணம் என்று நிரூபணம் அல்ல. அமெரிக்காவில் வாராவாரம் டோஃபு வாங்குகிறவர் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பேணுகிறவராகத்தான் இருப்பார். ஆய்வாளர்கள் அதையெல்லாம் கழித்துக் கணக்கிட முயன்றிருக்கிறார்கள், முழுக்கக் கழித்துவிட முடியாது.

ஈஸ்ட்ரோஜன் பயம்

பயங்களிலேயே பெரியது இது. சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற தாவரச் சேர்மங்கள் இருக்கின்றன. ஜெனிஸ்டீன், டைட்ஸீன் இரண்டும் முக்கியமானவை. இவற்றின் உருவம் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஒத்திருக்கிறது. பூட்டில் வேறொரு சாவி நுழைவதுபோல, ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகளில் இவையும் போய் ஒட்டிக்கொள்கின்றன. இதுவரை உண்மை. இதற்கு மேல்தான் கதை திசைமாறுகிறது.

அந்த ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை உண்டு. மார்பகத்தையும் கருப்பையையும் வளரத் தூண்டும் வேலை பெரும்பாலும் ஆல்ஃபாவினுடையது. நம் உடலின் ஈஸ்ட்ரோஜன் இரண்டோடும் நன்றாகச் சேரும். ஐசோஃபிளேவோன்கள் பீட்டாவையே அதிகம் நாடுகின்றன, அதிலும் அவற்றின் வலு மிகக் குறைவு. ஆக, சோயா சாப்பிடுவதும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போடுவதும் ஒன்றல்ல. சில திசுக்களில் லேசாக ஈஸ்ட்ரோஜன்போலவும், சிலவற்றில் ஒன்றும் செய்யாமலும், சிலவற்றில் நிஜ ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் விடாமலும் இருக்கிறது அது.

போதாதற்கு ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேறு. டைட்ஸீனைக் குடல் பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற வலுவான பொருளாக மாற்றுகின்றன. எல்லோருடைய குடலும் இதைச் செய்வதில்லை. ஜப்பான், கொரியா, சீனாவில் சுமார் பாதிப்பேருக்கு முடிகிறது. மேற்கு நாடுகளில் நான்கில் ஒருவருக்குத்தான். ஒரே சோயா உணவுக்கு ஓர் ஆய்வில் பலன் தெரிவதும் இன்னொன்றில் தெரியாமல் போவதும் ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

மார்பகப் புற்றுநோய் பயத்தின் தொடக்கம் எலிகள். சினைப்பையும் தைமஸ் சுரப்பியும் இல்லாத எலிகளுக்கு மனித மார்பகப் புற்று செல்களைப் பொருத்தி, ஜெனிஸ்டீன் கொடுத்தார்கள், கட்டி வளர்ந்தது. பயப்பட நியாயமான முடிவுதான். பல மருத்துவர்கள் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களிடம் சோயாவே கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆனால் எலியின் உடல் ஐசோஃபிளேவோனைக் கையாளும் விதம் வேறு. அதன் ரத்தத்தில் செயலூக்கமுள்ள வடிவம் மனித ரத்தத்தில் இருப்பதைவிட மிக அதிகமாக நிற்கிறது.

மனிதர்களிடம் என்ன ஆயிற்று? ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009-ல் வெளியானது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் இறப்பும் சரி, நோய் திரும்புவதும் சரி, மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் மருந்து எடுத்தவர்களிடமும் கெடுதல் தெரியவில்லை. இப்போது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் டோஃபு, சோயா பால் போன்ற உணவுகளைச் சாப்பிடலாம் என்கிறது. செறிவூட்டிய சோயா மாத்திரைகளுக்கு அந்தச் சம்மதம் கிடையாது. அந்த நிலையில் இருப்பவர்கள் மாத்திரை, பொடி எதையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஆண்கள் விஷயம். 2008-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு நோயாளியின் கதைதான் இணையம் முழுக்கச் சுற்றியது. 60 வயது ஆண், மார்பு வீங்கி வலியோடு வந்தார். விசாரித்தால் தினம் 3 குவார்ட், அதாவது கிட்டத்தட்ட 2.8 லிட்டர் சோயா பால் குடித்திருக்கிறார்! நிறுத்தியதும் சரியாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு 100 கிராம் டோஃபுவுக்குப் பயப்படுவது எந்த ஊர் நியாயம்? ஆண்களிடம் நடத்திய மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2010-லும், இன்னும் விரிவாக 2021-லும் கணக்குப் பார்த்தார்கள். சோயா புரதமோ ஐசோஃபிளேவோனோ டெஸ்டோஸ்டிரோன் அளவை மாற்றவில்லை. ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது: 2008-ல் குழந்தையின்மைச் சிகிச்சை மையம் ஒன்றுக்கு வந்த 99 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு விந்தணு அடர்த்தி குறைவாகத் தெரிந்தது. பலருக்கு உடல் எடையும் அதிகம். சோயா கொடுத்துப் பார்த்த சிறு சோதனைகளில் அந்த விளைவு தென்படவில்லை.

இதே ஐசோஃபிளேவோன் ஓரிடத்தில் நல்லபடியாகவும் வேலை செய்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென்று உடம்பெல்லாம் தகித்து வியர்க்கும் தொல்லையை அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாக 2012-ல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் அந்தச் சோதனைகளில் கொடுத்தது மாத்திரைகளை. டோஃபு சாப்பிட்டால் அவ்வளவு தெரியுமா என்பது வேறு கேள்வி.

தைராய்டு: பயம் இருக்க வேண்டியது எங்கே?

1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் சோயா மாவில் செய்த குழந்தைப் பால் பொடி குடித்த சில குழந்தைகளுக்குக் கழுத்தில் தைராய்டு வீக்கம் வந்தது உண்மை. அன்றைய பொடிகளில் அயோடின் இல்லை. அயோடின் சேர்க்க ஆரம்பித்ததும் அந்தப் பிரச்சினை போய்விட்டது. இன்றைக்கு அயோடின் உப்பு சாப்பிடும், தைராய்டு சரியாக வேலை செய்யும் பெரியவர்களிடம் நடத்திய சோதனைகளில் சோயாவால் தைராய்டு ஹார்மோன் அளவு மாறவில்லை, அந்தச் சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். மட்டும் மிக லேசாக ஏறுவதாகச் சில கணக்குகள் காட்டுகின்றன. இந்துப்பு, கல்லுப்பு என்று அயோடின் சேர்க்காத உப்புக்கு மாறியவர்கள் மட்டும் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நிஜமான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தைராய்டு குறைபாட்டுக்குக் காலையில் போடும் லெவோதைராக்சின் மாத்திரையைக் குடல் ஈர்த்துக்கொள்வதைச் சோயா குறைக்கிறது. மாத்திரை போட்ட கையோடு சோயா பால் குடித்தால் மருந்தில் ஒரு பகுதி வீணாகிவிடும். காபி, கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான். அதற்காகச் சோயாவையே விட வேண்டாம். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, சோயாவைப் பல மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டால் போதும். சாப்பிடும் அளவு வாரத்துக்கு வாரம் ரொம்ப ஏறி இறங்காமலும் இருந்தால் மருத்துவருக்கு மாத்திரை அளவைச் சரிசெய்வது எளிது.

டோஃபு சாப்பிட்டால் மூளை மங்கும் என்ற பேச்சும் உண்டு. 2000-ல் வெளியான ஹொனலுலு ஆய்வுதான் அதன் மூலம். நடுவயதில் டோஃபு நிறையச் சாப்பிட்ட ஜப்பானிய வம்சாவளி ஆண்களுக்கு முதுமையில் நினைவுத்திறன் குறைவாக இருந்தது என்றது. ஆனால் பழைய நாட்டுப் பழக்கத்தில் டோஃபு அதிகம் சாப்பிட்டவர்களுக்குச் சிறுவயது வறுமை போன்ற வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். பிறகு அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 350 பெண்களுக்கு இரண்டரை ஆண்டு சோயா புரதம் கொடுத்துப் பார்த்ததில், மொத்த அறிவுத்திறனில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

வயிறு சொல்லும் கதை

சத்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும் எதிர்ச்சத்துகள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பயமுறுத்துவார்கள். சோயாவில் டிரிப்ஸின் தடுப்பான் இருக்கிறது, அது புரதச் செரிமானத்தைக் கெடுக்கும் என்பது சரி. பச்சைச் சோயாவில்தான் அது பிரச்சினை. ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவைத்தால் பெரும்பகுதி செயலிழந்துவிடும். அரைகுறையாகக் கொதித்த வீட்டுச் சோயா பால் வயிற்றைக் கலக்குவதும் இதனால்தான். பொங்கி வந்தவுடன் அடுப்பை அணைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். இந்தத் தடுப்பானின் முக்கிய வகை இல்லாத என்.ஆர்.சி. 127 என்ற சோயா ரகத்தை இந்தூரில் உள்ள தேசியச் சோயா ஆய்வு நிறுவனம் உருவாக்கியிருக்கிறது.

ஃபைட்டேட் எல்லாப் பயறிலும் உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் டோஃபுவில் இரும்பு நிறைய என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் உடலில் சேர்வது கொஞ்சம்தான். மேலே எலுமிச்சை பிழிந்துகொண்டால், சாப்பாட்டோடு டீ, காபி குடிக்காமல் இருந்தால், நிலைமை கொஞ்சம் தேறும். சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் இந்தோனேசியர்களின் டெம்பேயில் அந்த நொதித்தல் காரணமாக ஃபைட்டேட் குறைந்துவிடுகிறது. மாவைப் புளிக்கவைக்கும் நமக்கு அந்தத் தந்திரம் தெரியாததல்ல.

இனி மீல் மேக்கர். "சோயா சாப்பிட்டா வாயு" என்று சொல்கிறவர்களிடம் எதைச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் அநேகமாக மீல் மேக்கர் என்பார்கள். ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை நம் குடல் செரிப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியா அவற்றைத் தின்று வாயு உண்டாக்குகிறது. டோஃபு செய்யும்போது இந்தச் சர்க்கரைகளில் பெரும்பகுதி பிழிந்த நீரோடு போய்விடுகிறது. அதனால் கெட்டி டோஃபு வயிற்றுக்கு இதம். மீல் மேக்கரில் அவை அங்கேயே தங்கிவிடுகின்றன. கொதிநீரில் போட்டு, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிவது வாசனைக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. அதே சமயம் மீல் மேக்கரில் புரதம் அபாரம்: உலர்ந்த எடையில் பாதிக்கு மேல். 30 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, 15 கிராம் புரதம் தரும். நார்ச்சத்தும் டோஃபுவைவிட அதிகம். மலிவு வேறு. ஒரே வருத்தம், ஹோட்டல் பாணியில் எண்ணெயில் பொரித்து சிக்ஸ்டி-ஃபைவ் ஆக்கினால் பஞ்சுபோல எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, சேமித்த கொழுப்புக் கணக்கையெல்லாம் காலிசெய்துவிடும்.

சோயா சாஸை இந்தப் பேச்சில் சேர்க்கவே கூடாது. அது உணவல்ல, உப்பு. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மி.கி. சோடியம். ரத்தக்கொதிப்பு உள்ளவர் டோஃபுவைச் சீனப் பாணியில் வதக்குவதைவிட மிளகு, சீரகம் போட்டுப் பொடிமாஸ் பண்ணிச் சாப்பிடலாம்.

யார் ஒதுங்க வேண்டும்?

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள், சந்தேகமே இல்லாமல். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட்டில் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சொல்லும் ஒவ்வாமைப் பொருட்களில் சோயாவும் ஒன்று. பிஸ்கட், சாக்லேட், ரொட்டியில்கூட லெசித்தின், சோயா மாவு என்று ஒளிந்திருக்கும். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் அடிக்கடி வருகிறவர்கள் அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டுப் புரதத்துக்குக் கட்டுப்பாடு உள்ளவர்கள் உணவியலாளரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஜப்பானியர்கள் சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் 'நாட்டோ'வைத் தொடக்கூடாது, அதில் வைட்டமின் கே மிக அதிகம்.

கைக்குழந்தைக்குக் கடையில் விற்கும் சாதாரணச் சோயா பாலைத் தாய்ப்பாலுக்கோ பால் பொடிக்கோ பதிலாகக் கொடுப்பது ஆபத்து. பாலில் உள்ள சர்க்கரையை உடல் கையாள முடியாத கேலக்டோசீமியா போன்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கென்று தனியாகச் செய்த சோயா பால் பொடி உண்டு; அதையும் மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அதுவும் பரிந்துரைக்கப்படுவதில்லை.

மற்றவர்கள் எவ்வளவு சாப்பிடலாம்? காலங்காலமாகச் சோயா சாப்பிடும் ஜப்பானின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006-ல் ஒரு நாளைக்கு 70 முதல் 75 மி.கி. ஐசோஃபிளேவோன் என்று ஒரு மேல் வரம்பு வைத்தது. 100 கிராம் டோஃபுவில் 20 முதல் 30 மி.கி. இருக்கும் என்பதால், தினம் கால் கிலோ டோஃபு சாப்பிட்டாலும் வரம்புக்குள்தான் நிற்போம். ஒரு நாள் கூடினால் கெட்டது என்ற பொருளில் போட்ட வரம்பும் அல்ல அது, நெடுநாள் சராசரிக்கானது. வழக்கமான உணவுக்கு மேல் மாத்திரையாகவோ பொடியாகவோ எடுப்பதற்கு மட்டும் அதே ஆணையம் 30 மி.கி. என்று தனியாக ஒரு கோடு போட்டது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அப்படிக் கூடுதலாக எடுப்பதே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது.